கீழே ஓடும் எழுத்து

பதினொரு மணிக்கு டாண்ணு வந்து டிவிய மாட்டிர்றேன்னு சொன்னவன், இப்ப மணி பன்னெண்டே முக்கால், இன்னும் ஆளக் காணோம். ரெண்டு தடவ போன் போட்டாச்சு. “பக்கத்துலதாண்ணே இருக்கேன், பெரியார்ல நிக்கிறேன்”ங்கிறான். பெரியார் பஸ் ஸ்டாண்டு என்னைக்குடா ஆனையூருக்குப் பக்கத்துல வந்துச்சு? இருபத்தாறு வருசமா மதுரைக்குள்ள வண்டி ஓட்டுறவன்கிட்டயே தூரம் சொல்றான் பாரு. வரட்டும், பேசிக்கிறேன். இல்லாட்டி வராமலே போகட்டும், அதுவும் நல்லதுதான். சேச்சே, வரட்டும், வந்தாத்தான ஒரு முடிவு தெரியும். புது டிவி அட்டப்பெட்டியோட நடுவீட்டுல செவுத்துல சாஞ்சு நிக்கிது. நாப்பத்து மூணு இஞ்சு. எச்.டி.க்கே அப்பனாம், ஃபோர்கேயாம், எம்மக தாரணி ஓசூர்லருந்து வந்து வாங்கிக் குடுத்துட்டுப் போனது. நேத்து சாயங்காலம் எறக்குனதுலருந்து நான் அதத் தொடாமச் சுத்திச் சுத்தி வர்றேன், புதுசா வீட்டுக்கு வந்த சம்பந்திகிட்டப் பேசத் தெரியாம நிக்கிற மாதிரி. பவளம் அத மூணு தடவ தொடச்சுட்டா. அட்டப்பெட்டியப் போயி யாராச்சும் தொடைப்பாகளா? எம்பொண்டாட்டி தொடைப்பா. அவளுக்குச் சந்தோசம்.  எனக்கு இது டிவி இல்ல, பரீட்சை. இத மாட்டிப் போட்டதும் நியூஸ்ல கீழ ஓடுற எழுத்து நேரா ஓடுச்சுன்னு வையிங்க, பழைய டிவி கெட்டது, எங்கண்ணு நல்லாருக்கு, ரெண்டே முக்காலுக்கு நான் பாட்டுக்கு வேன எடுத்துட்டுப் போயி பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு பதினாலு பிள்ளைகளையும் ஏத்திட்டு வந்துருவேன். நேரா ஓடலேன்னா? ஓடும். ஏன் ஓடாது? ஒம்பது வருசத்துப் பழைய டிவி, அதுக்குத்தான் வயசாயிருச்சு, எனக்கென்ன, அம்பத்தஞ்சுதான.

தை மாசம் ஆரம்பிச்சது இது. பொங்கல் கழிச்சு ஒரு நாள் சாப்புட்டுக்கிட்டே நியூஸ் பாக்குறேன், கீழ ஓடுற எழுத்து நடுவுக்கு வரும்போது மட்டும் லேசா வளையுது. வெயில் நேரத்துல தார் ரோட்டுக்கு மேல கானல் ஆடுமே, அப்பிடி. அங்கிட்டுப் போனதும் நிமிந்துக்கிருது. அட, என்னடா இதுன்னு ஒக்காந்து பாத்தேன். மறுநாளும் அப்பிடித்தான். அப்பறம் கிரிக்கெட்டுல ஸ்டம்பு மூணும் கோணிக்கிட்டு நின்னுச்சு. அப்பறம் நியூஸ் வாசிக்கிற பொண்ணுக்கு மூக்கு இருக்க வேண்டிய எடத்துல ஒரு கறை, எண்ணெய்க் கையால தொட்டாப்புல. நான் போயி துணிய வச்சுத் தொடச்சேன். தொடச்சுட்டு வந்து ஒக்காந்தா கறை அங்கதான் இருக்கு. “ஏ பவளம், டிவி போச்சுடி, எழுத்தெல்லாம் நெளியுது”ன்னேன். அவ எட்டிப் பாத்தா. “எனக்கு நல்லாத்தான தெரியுது”ன்னா. “ஒனக்கு என்னத்தத் தெரியும், சீரியல்ல அழுகுற சத்தம் கேட்டாப் போதும் ஒனக்கு”ன்னு நான்தான் வஞ்சேன். வஞ்சது பாவம். அவ அதோட விட்டுட்டா, மூணாம் மாசம் அவளே பக்கத்து வீட்டுக்காரிகிட்ட “எங்க டிவி நெளியுதுக்கா, அவருக்கு நியூஸ் பாக்காமச் சோறு எறங்காது”ன்னு சொல்லிக்கிட்டிருக்கா. நான் சொன்னத நம்பிட்டா. மெக்கானிக் ஒருத்தன் வந்தான். “நெளியுதாண்ணே?”ன்னான். “நெளியுது”ன்னேன். “அப்ப பேனல் போகப்போகுதுண்ணே”ன்னான். அவன் டிவியப் பாக்கவே இல்ல, எம் மூஞ்சியத்தான் பாத்துச் சொன்னான். அன்னைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? டீ வாங்கிக் குடுத்து அனுப்புனேன் அந்தப் பயலுக்கு. அப்பறம் ரோட்டுல லைட்டுக் கம்பம் வளைஞ்சப்போ, நாளெல்லாம் கெட்டுப்போன டிவியப் பாத்தா கண்ணும் கெட்டுத்தான போகும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். டிவியால கண்ணுக்கு வந்தது, டிவிய மாத்துனாப் போயிரும். கேக்கவே எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாருங்க. பொய்யி மட்டும்தான் இப்பிடி ஒழுங்கா இருக்கும் போல.

போன ஞாயித்துக்கிழம கடைக்குப் போனோம். ஒரு செவுரு பூராவும் டிவி, நாப்பது இருக்கும், எல்லாத்துலயும் ஒரே பூ, ஒரே நேரத்துல விரியுது. குளுகுளுன்னு ஏசி. எனக்கு வேர்க்குது. கடைக்காரத் தம்பி டை கட்டிக்கிட்டு, “சார், இதழ் இதழா தெரியுது பாருங்க, நடுவுல வண்டு ஒக்காந்திருக்கு பாருங்க, அதோட காலுல மகரந்தம் ஒட்டியிருக்கிறது வரைக்கும் தெரியும்”ங்கிறான். வண்டா? எங்கடா வண்டு? நாப்பது டிவியிலயும் ஓரமெல்லாம் தளதளன்னு பூ, நடுவுல சாம்பலா ஒண்ணு. ஒரு டிவி கெட்டிருக்கலாம். நாப்பதுமா கெட்டிருக்கும்? அந்த நிமிசமே புத்திக்குத் தெரிஞ்சிருச்சு. ஆனா இன்னொருத்தன் உள்ள ஒக்காந்துக்கிட்டு, டேய் ஒச்சப்பா, கடைக்குள்ள லைட் ஜாஸ்திடா, கண்ணு கூசுதுடா, வீட்டுல போட்டாத் தெரியும்டாங்கிறான். அவன் பேச்சத்தான் நான் எப்பவும் கேப்பேன், அவன்தான் எனக்குச் சாதகமாப் பேசுவான். “அப்பா, இதா அதா?”ன்னு தாரணி கேட்டா. நான் என்ன செஞ்சேன், அவ எதுகிட்ட ரொம்ப நேரம் நிக்கிறான்னு பாத்துட்டு “அது”ன்னேன். “எனக்கும் அதுதாம்ப்பா பிடிச்சிருக்கு, நீங்க கரெக்டா பாத்தீங்க”ன்னு எங்கையப் பிடிச்சுக்கிட்டா. பழசக் குடுத்தா வெலையில கொஞ்சம் கழிச்சுக்கிருவாகளாம், ஆனா ஓடுற கண்டிசன்ல இருக்கணுமாம், மாட்ட வர்றவரு போட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பாராம். “எங்க டிவியில படம் நெளியுமே”ன்னா தாரணி, நேர்மையான பிள்ள. “லேசான கம்ப்ளெயின்ட்னா பரவால்ல மேடம்”ன்னான் அவன். எனக்கு அப்பவே பொசுக்குன்னு ஆயிருச்சு. போட்டுப் பாப்பானா?

கண்ண ஒண்ணு மாத்தி ஒண்ணு மூடிப் பாத்தா, கோளாறு டிவியிலயா கண்ணுலயான்னு தெரிஞ்சிரும். அஞ்சு வினாடி வேல. ஏழு மாசமா நான் அந்த அஞ்சு வினாடிய ஒதுக்கல. கண்ணுல தூசி விழுந்தாக்கூட ரெண்டையும் சேத்துத்தான் கசக்குறேன். சுகர் டாக்டரம்மா போன வருசமே சொன்னாக, ஒச்சப்பன், கண்ணுல மருந்து ஊத்தி உள்ள பாக்கணும், வருசா வருசம் பாக்கணும்னு. மருந்து ஊத்துனா நாள் பூரா வண்டி ஓட்ட முடியாது மேடம்னேன். லீவு நாள்ல போங்கன்னாக. லீவு நாள்ல தூங்குனேன். சித்திரை கழிச்சு, பள்ளிக்கூட வண்டி டிரைவர் அத்தன பேருக்கும் கண்ணு டெஸ்ட் வச்சாங்களே, மைதானத்துல பந்தல் போட்டு, அங்க நான் பாஸ். எப்பிடி பாஸ்? வரிசையில எனக்கு முன்னால ஒம்பது பேரு. ஒம்பது பேரும் வாசிச்சாக, ‘ப, ட, ம, ர’ன்னு, கடைசி வரி ‘ச, ய, த, ந, க’. ஒம்பது தடவ கேட்டா எவனுக்குத்தான் மனப்பாடம் ஆகாது? எங்க ஆளுக பாதிப் பேரு அப்பிடித்தான், முன்னாடி நிக்கிறவன் வாசிக்கிறதுதான் நமக்குப் பாடம். எனக்குப் பின்னால நின்னவன் “ஒச்சப்பண்ணே, சத்தமா வாசிண்ணே”ன்னு வேற சொன்னான். நான் சத்தமா வாசிச்சேன். அந்தப் பொண்ணு “வெரி குட்”ன்னு எழுதுச்சு. எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனா வெளிய வந்து பரோட்டா சாப்புட்டேன். வண்டியில இன்னொரு கூத்து. முன் சீட்டுல தன்விகான்னு ரெண்டாங் கிளாஸ் பிள்ள, வாயாடி. அதுகிட்ட வெளையாட்டு மாதிரி சொல்லி வச்சிருக்கேன், யாரு மொதல்ல வேகத்தடையப் பாக்குறா, யாரு மொதல்ல சிக்னல் கலரச் சொல்றா, ஜெயிச்சா கடல மிட்டாய். “ஒச்சு மாமா செகப்பு! ஒச்சு மாமா பிரேக்கர்!” வண்டி பூராவும் கத்துதுக. தெருவுல போறவுக, டிரைவரு பிள்ளைகள எவ்வளவு சந்தோசமாக் கூட்டிட்டுப் போறாருன்னு சிரிக்கிறாக. நானும் சிரிப்பேன். கடைக்குப் போறதுக்கு முந்துன செவ்வாக்கிழம ரயில்வே கேட்டு வளைவுல ரோடு இந்தப் பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் இருக்கு, தன்விகா “மாமா, அந்தப் பாட்டி!”ன்னு அலறுது, எனக்கு முன்னால ஒண்ணுமே இல்ல, சத்தியமா ஒண்ணுமே இல்ல, சத்தத்துக்குத்தான் பிரேக்க மிதிச்சேன். தலையில புல்லுக்கட்டோட அந்தம்மா பம்பருக்கு ஒரு முழம் முன்னால நின்னு என்னையவே பாக்குது. பிள்ளைக முன்னால வந்து முட்டிக்கிட்டுச் சிரிக்குதுக. நானும் சிரிச்சேன்.  வீட்டுக்கு வந்து பவளத்துகிட்ட “இந்த டிவிய மொதல்ல மாத்தணும்டி”ன்னேன்.

வந்துட்டான் மகராசன். நாப்பது வயசு இருக்கும், ஜான்போஸ்கோன்னு பேரு, தோள்ல டிரில் மெசின் பையி, வெளிய லோடு ஆட்டோ நிக்கிது. “மன்னிச்சுக்கங்கண்ணே, விளாங்குடியில ஒரு செவுரு, ஆணியே எறங்கல”ன்னான். வைய வேண்டியதெல்லாம் வரிசையா எடுத்து வச்சிருந்தேன், வாயில வரவே மாட்டேங்குது. “ஒக்காருப்பா, தண்ணி குடி”ன்னேன். அவன் ஒக்காரல. “மொதல்ல பழச முடிச்சிர்றேண்ணே, ஓடுறத போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும்”னு ரிமோட்ட எடுத்தான். டிவி வந்துச்சு. நியூஸ்தான். அவன் கிட்டப் போயி, குனிஞ்சு, ஒரு ஓரத்துலருந்து மறு ஓரம் வரைக்கும் பாத்தான், சேலை வாங்குற பொம்பளைக முந்தியப் பாக்குற மாதிரி. வெள்ள ஸ்கிரீன் போட்டுப் பாத்தான், கருப்புப் போட்டுப் பாத்தான். “அருமையா இருக்கேண்ணே, ஒரு கோடு கிடையாது, புள்ளி கிடையாது. இதப் போயி ஏன் மாத்துறீங்க?”ன்னான். பவளம் அடுப்படியிலருந்து வந்துட்டா, கையில கரண்டியோட. “எழுத்து நெளியும் தம்பி, அவரு சொல்லுவாரு”ன்னா. “எங்கக்கா நெளியுது?” நான் சட்டுன்னு “அது அப்பப்பத்தான் வரும், ஆளு வந்தா நின்னுரும், கழுதை”ன்னேன். மூணு பேரும் சிரிச்சோம். அந்த நிமிசம் அது நெளிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. எங்கண்ணு முன்னால, அந்த ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிட்டிருக்கும்போதே, நடுவுல வந்து வளைஞ்சு, போயி நிமிந்துச்சு. டிவியப் பாக்கப் பாவமா இருந்துச்சு எனக்கு. ஒம்பது வருசம் ஒரு ரிப்பேரு வச்சதில்ல. நான் தலையில தட்டியிருக்கேன், வஞ்சிருக்கேன், ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். வாயில்லாத பொருளு மேல பழியப் போட்டா யாரு வந்து கேக்கப் போறாங்கிற தைரியம்தான. சரி, அவனுக்கென்ன தெரியும், பத்து நிமிசம் பாத்தவன். புதுசப் போடட்டும், புதுசுல தெரிஞ்சிரும்.

டிரில் போட்டான். செவுத்துத் தூசி பூரா பவளம் தொடச்ச அட்டப்பெட்டி மேல. புது டிவியத் தூக்கி மாட்டும்போது ஒரு பக்கம் நான் பிடிச்சேன். கனமே இல்ல, மெலிசு, கண்ணாடி மாதிரி. “மட்டமா இருக்கான்னு சொல்லுங்கண்ணே”ன்னு தொங்கிக்கிட்டே கேக்குறான். எங்கிட்டக் கேக்குறான், மட்டமா இருக்கான்னு! எனக்கு எது மட்டம்? “பவளம், நீ சொல்லு”ன்னேன். “வலது பக்கம் ஒரு நூலு எறக்குங்க தம்பி”ன்னா அவ. பழைய டிவியில இருந்த மஞ்சள், செகப்பு, வெள்ள ஒயரக் கழட்டி இதுல சொருகி கேபிள் பாக்ஸப் போட்டான். படம் வந்துச்சு. பவளம் மூஞ்சி விழுந்துபோச்சு. “என்ன தம்பி இது, ஒரே மங்கலா இருக்கு? மூஞ்சியெல்லாம் சேறு அப்புன மாதிரி இருக்கு. எழுத்தே சரியாத் தெரியலையே? பழசே தேவலாம் போல”ன்னா. என்ன சொன்னா? எழுத்துத் தெரியலைன்னா! அவளுக்கும்! எனக்கு நெஞ்சுக்குள்ள மேளம் அடிச்சிருச்சு. மங்கல்டா! அவளுக்கும் மங்கல்! அப்ப கண்ணு இல்ல, ஒயருடா, பாக்ஸுடா, கேபிள்காரன்டா! இந்த ஏழு மாசமும் அந்த மஞ்சக் கலரு ஒயருதான் எங்கண்ணக் கெடுத்திருக்கு. எனக்குச் சிரிப்பு வருது, அழுகையும் வருது, “ஆமா, மங்கலாத்தான் இருக்கு, ரொம்ப மங்கல்”னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றேன். டிவி மங்கலா இருக்குன்னு சந்தோசப்பட்ட ஒரே கிறுக்கன் மதுரையில நானாத்தான் இருப்பேன். போஸ்கோவுக்கு ஒண்ணும் புரியல, “பதறாதீங்கண்ணே, இந்தப் பழைய ஒயருல வந்தா பெரிய டிவியில இப்பிடித்தான் இருக்கும். உங்க பாக்ஸ் எச்.டி. பாக்ஸுதான், பின்னால பாருங்க, எச்.டி.எம்.ஐ. ஓட்டை சும்மா கெடக்கு. அந்த ஒயரப் போட்டாக் கண்ணாடியா இருக்கும்”னு பையத் தொறந்தான். போடுப்பா, போடு. வெரசாப் போடு. நான் பவளத்தோட தோள்ல கையப் போட்டுக்கிட்டேன். வெளி ஆளு இருக்கையில நான் அப்பிடிச் செய்யவே மாட்டேன், அவ ஒதுங்கி என்னைய ஒரு பார்வ பாத்தா.

தட்டையா ஒரு ஒயரு. அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒரு சொருகு, அந்தப் பக்கம் ஒரு சொருகு. “ஆத்தாடி!”ன்னா பவளம். கரண்டி கீழ விழுந்துருச்சு. “ஏங்க, பாருங்களேன், அந்தம்மா தோட்டுல கல்லு எண்ணலாம் போலருக்கு. ஏங்க, நெத்தியில வேர்வ கூடத் தெரியுது. கீழ எழுத்து அச்சடிச்ச மாதிரி ஓடுது பாருங்க!” பாக்குறேன். பாத்துக்கிட்டேதான் இருக்கேன். கலரு கண்ணப் பறிக்குது, ஓரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, நடுவுல அதே கறை. எழுத்து வருது, நடுவுல வளையுது, போகுது. திரும்ப வருது. வளையுது. போகுது. பெரிய டிவிங்கிறதால பெருசா வளையுது. “எப்பிடிண்ணே?”ன்னான் போஸ்கோ. “சூப்பரா இருக்குப்பா”ன்னேன். என் குரல் எனக்கே எங்கிட்டோ கேட்டுச்சு. “ஒங்க நம்பருக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொன்னீங்கன்னா முடிச்சிரலாம்”ன்னான். போன எடுத்தேன். எழுத்த எவ்வளவு பெருசா வச்சிருக்கேன், ஒரு ஸ்கிரீன்ல நாலு வார்த்ததான் நிக்கும், அப்பவும் நம்பருக்கு நடுவுல ரெண்டு எலக்கம் இல்ல. பக்கத்துலருந்து சாய்ச்சுப் பாத்தேன். மூணா, எட்டா? “நாலு, ஏழு, மூணு...” போட்டான். “தப்புன்னு வருதுண்ணே.” “நாலு, ஏழு, எட்டு...” “இதுவும் தப்புண்ணே, இன்னும் ஒரு தடவதான் விடும்.” பவளம் எங்கையிலருந்து போன வாங்குனா. கண்ணாடி போடாம, கையெட்டுற தூரத்துல வச்சு, மளமளன்னு ஆறு எலக்கத்தையும் சொன்னா. பள்ளிக்கூடம் எட்டாங் கிளாசு தாண்டாதவ. “ஆயிருச்சுக்கா”ன்னான் அவன். அவ போன எங்கிட்டத் திருப்பித் தரல. கையிலயே வச்சுக்கிட்டு என்னையவே பாத்தா. நான் டிவியப் பாத்தேன்.

பழைய டிவிய போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போனான். “இத என்னப்பா செய்வீக?”ன்னேன் வாசல்ல நின்னு. ஏன் கேட்டேன்னு தெரியல. “நல்லா ஓடுறதுனால யாராச்சும் கடையில வாங்கிக்கிருவாங்கண்ணே, ஓடாததத்தான் ஒடைப்பாங்க”ன்னான். அப்ப அது பொழச்சுக்கிரும். லோடு ஆட்டோ தெரு முனையில திரும்புற வரைக்கும் நின்னேன், முனையே எனக்குச் சரியாத் தெரியல, சத்தத்த வச்சுத்தான் திரும்பிருச்சுன்னு கண்டுக்கிட்டேன். மணி ரெண்டு இருபது. சோறு போட்டு வச்சிருந்தா, நாலு வாய்தான் எறங்குச்சு. இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு வந்துட்டு நாளைக்குப் பாப்போம். நாளைக்கு வெள்ளி. சனி ஞாயிறு லீவு, ஆஸ்பத்திரிக்குப் போலாம். ரெண்டு நாளுதான, ஏழு மாசம் ஓட்டுனவனுக்கு ரெண்டு நாளு பெருசா? மெதுவாப் போவேன். கேட்டு வளைவுல ஆரன அடிச்சுக்கிட்டே போவேன். தன்விகா இருக்கு. தன்விகாவுக்கு ஏழு வயசு. ஏழு வயசுப் பிள்ளையோட கண்ண நம்பிப் பதிமூணு பிள்ளைகள ஏத்திட்டுப் போவேன், அது ஒரு நாள் தூங்கிருச்சுன்னா? ஜுரம்னு வரலேன்னா? சும்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் காக்கா பாத்துச்சுன்னா? கைய கழுவிட்டு வேன்ல போயி ஒக்காந்தேன். சாவியப் போட்டேன், திருகல. எதுத்த வீட்டு கேட்டுல கம்பி நட்டக்குத்தலா வரிசையா நிக்கும். ஏழு மாசமா செய்யாதத அப்பத்தான் செஞ்சேன். எடது கண்ண கையால பொத்துனேன். கேட்டே இல்ல. கேட்டு இருந்த எடத்துல ஒரு ஓட்டை. கைய மாத்தி வலது கண்ணப் பொத்துனேன். கம்பி பூராவும் தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி ஆடுச்சு. அஞ்சு வினாடி கூட ஆகல.

எறங்கி உள்ள வந்தேன். பவளம் டிவி முன்னால கீழதான் ஒக்காந்திருந்தா, சத்தத்தக் கொறச்சு வச்சிருந்தா, சீரியல் இல்ல, நியூஸு. “பவளம், கீழ எழுத்து நேராவா போகுது?”ன்னேன். “நேராத்தான் போகுது.” “எனக்கு நெளியுதுடி. இதுலயும் நெளியுது. கடையிலயும் நெளிஞ்சுச்சு. ரோடும் நெளியுது.” சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் அவ பக்கத்துலயே தரையில ஒக்காந்துட்டேன். அவ அழுவான்னு நெனச்சேன், அழுகல. “நானும் நெனச்சேங்க, குழம்புல கெடந்த மொளகாய எடுத்து முருங்கக்காய்னு கடிச்சீகல்ல, அன்னைக்கு. கேட்டா மூஞ்சிய இடிச்சுக்கிருவீகன்னு கேக்கல. எம் மேலயும் தப்பு”ன்னா. தப்பயும் பங்கு போட்டுக்கிட்டா, பாருங்க. “இப்பல்லாம் கண்ணுக்குள்ள ஊசி போட்டுச் சரி பண்றாகளாம், நாளைக்குக் காலையில போயிருவோம்”னா. கண்ணுக்குள்ள ஊசியா? கேட்டதுமே பல்லு கிட்டுது எனக்கு. அப்பறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கடியாரத்தப் பாத்தோம். “காய்ச்சல்னு சொல்லிருவோமா?”ன்னா மெதுவா. நல்ல யோசனைதான். இன்னைக்குக் காய்ச்சல், நாளைக்கு வயித்துவலி, திங்கக்கிழம நானே போயி ஸ்டியரிங்ல ஒக்காந்துருவேன், என்னைய எனக்குத் தெரியாதா? “வேணாம், உள்ளதச் சொல்லிருவோம், போனப் போடு”ன்னேன். “யாருக்கு மொதல்ல?” “தன்விகா அம்மாவுக்கு.” போட்டுக் குடுத்தா. “அண்ணே, சொல்லுங்கண்ணே, பாப்பா வந்துட்டாளா, இன்னும் மணி ஆகலையே”ன்னுச்சு அந்தப் பொண்ணு. “தாயி, சாயங்காலம் நான் வண்டி எடுக்கலம்மா. எனக்குக் கண்ணு தெரியல. நீங்களே போயி பிள்ளையக் கூட்டிக்கங்க”ன்னேன். “அய்யய்யோ, என்னண்ணே ஆச்சு, திடீர்னா?”ன்னு பதறுச்சு. ஆமா திடீர்னுதாம்மான்னு சொல்லியிருக்கலாம். அந்தப் பொண்ணே எடுத்துக் குடுக்குது, நான் வாங்கிக்கிட்டாப் போதும். “திடீர்னு இல்லம்மா.” “அப்ப எத்தன நாளாண்ணே?” பவளம் எங்கையப் பிடிச்சா. “தை மாசத்துலருந்தும்மா.”  தை, மாசி, பங்குனின்னு அங்கிட்டு முணுமுணுன்னு எண்ணுறது கேட்டுச்சு. வையட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன், நாலு வார்த்த வஞ்சா வாங்கிக்கிட்டுச் செத்த லேசாகலாம்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு வையல.  “நான் போயிக் கூட்டிக்கிறேன்”னு சொல்லி வச்சிருச்சு. அதுல அண்ணேங்கிற வார்த்த இல்ல. பவளம் போன வாங்கி முந்தியில தொடச்சா. “அடுத்து யாருங்க?”ன்னா. இன்னும் பதிமூணு பேரு. “கவின் அம்மா”ன்னேன்.